பெயர் கொச்சின், ஊர் ஷாங்காய்

அலங்காரக் கோழி வாங்குபவர்கள் கூண்டில் எழுதியிருக்கும் பெயரை நம்பி ஏமாறுகிறார்கள். இனமும் பாலும் கோழியின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

மட்டாஞ்சேரியின் பரதேசி யூத ஆலயத்துக்குள் நுழைபவர்களின் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. 1568-ல் கட்டப்பட்ட ஆலயத்தின் நீல, வெள்ளை ஓடுகள் 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை. சீனப் பொருள் கொச்சியின் அடையாளமாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஒரு சீனக் கோழி கொச்சியின் பெயரோடு உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோழி 'கொச்சின்'. 1840-களில் ஷாங்காயிலிருந்து பிரிட்டனுக்குப் போனபோது அதற்குக் கிடைத்த பெயர் 'கொச்சின் சைனா'. அது வியட்நாமின் தென்பகுதிக்கு ஐரோப்பியர் சூட்டிய பெயர். கேரளத்துக் கொச்சியோடு குழப்பம் வராமலிருக்கத்தான் போர்ச்சுகீசியர் 'சைனா'வை ஒட்டவைத்தார்கள். நாளடைவில் அந்த ஒட்டு உதிர்ந்துபோக, கோழிக்குக் கொச்சி மிஞ்சியது. விக்டோரியா மகாராணி இதை வளர்த்தார். அமெரிக்காவில் 1849-ல் பாஸ்டன் நகரில் கோழிக் கண்காட்சி நடந்தது. அடுத்த சில ஆண்டுகள் இரு நாடுகளிலும் 'கோழி ஜுரம்' அடித்தது.

அந்த ஜுரம் இப்போது கேரளத்தின் மொட்டை மாடிகளிலும் கொல்லைப்புறங்களிலும். நாட்டுக்கோழியைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து ஒரு 'ஜோடி' குஞ்சு வாங்குகிறார்கள். ஐந்து மாதம் தீனி போட்ட பிறகு இரண்டும் கூவுகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரி சந்துகளில் விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு சேவல் கூவினால், பணம் போனதோடு பக்கத்து வீட்டாரின் சிநேகமும் போகும்.

முதலில் இனம். கொச்சினும் பிரம்மாவும் பெரிய உடம்பு, கால் விரல் வரை இறகு என்று ஒரே ஜாடை. கொண்டையைப் பார்த்தால் குழப்பம் தீரும். கொச்சினுக்கு ரம்பப் பல் போன்ற ஒற்றைக் கொண்டை. பிரம்மாவுக்குத் தலையோடு ஒட்டிய, மூன்று வரிசையாகத் தடித்த சிறு கொண்டை. கொச்சின் பஞ்சுப் பந்து போல உருண்டிருக்கும். பிரம்மா நிமிர்ந்து நிற்கும். (பிரம்மபுத்திராவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் பிரம்மா இனமாக உருப்பெற்றது அமெரிக்காவில்.)

பட்டுப்போன்ற இறகுள்ள 'சில்கி'க்குக் காலில் ஐந்து விரல், தோல் கறுப்பு. மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத்துக்கும் தோல் கறுப்புதான். ஆனால் விரல் நான்கு, இறகு சாதாரணம். நான்கு விரலோடு 'சில்கி' என்று ஒன்று விற்பனைக்கு வந்தால், அது கலப்பு என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது பால். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். மூன்று, நான்கு மாதத்தில் பிடரியிலும் முதுகின் பின்புறத்திலும் முளைக்கும் இறகுகளே நம்பகமான சாட்சி: சேவலுக்கு நீண்டு, கூராகி, மினுமினுக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். கொச்சின் சேவலின் வால் குட்டையானது. அதனால் அரிவாள் போல வளைந்த வாலை எதிர்பார்ப்பவர்கள் சேவலையே பெட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். தலையில் பூச்செண்டு வைத்தது போன்ற 'போலிஷ்' கோழியில், பெட்டையின் குடுமி உருண்டை. சேவலின் குடுமி கூரிய இழைகளாகச் சரிந்து விழும்.

அனுபவசாலிகளையே திணறடிப்பது சில்கி. இறகெல்லாம் பஞ்சாக இருப்பதால் கூர் தெரியாது. சேவலின் குடுமி இழைகள் பின்னோக்கி நீள்வதைக் கவனிக்க வேண்டும். அதுவும் பொய்த்தால், கூவும் வரையிலோ முட்டையிடும் வரையிலோ பொறுமைதான் வழி. இங்கிலாந்தில் ஜான் செப்ரைட் உருவாக்கிய 'செப்ரைட்' குள்ளக் கோழி இன்னும் விசித்திரம். சேவலுக்கும் பெட்டையின் இறகுதான். அதன் தோலே ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது.

ஒரு நாள் குஞ்சிலேயே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். 1920-களில் ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ ஆகியோர் குஞ்சின் ஆசனவாய்க்குள் இருக்கும் நுண்ணிய மேட்டைப் பார்த்துப் பிரிக்கும் முறையை உலகுக்குத் தந்தார்கள். அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்துவிடும். உடம்பெங்கும் வரியோடிய பிளைமவுத் ராக் இனத்தில் வேலை சுலபம்: தலையில் வெள்ளைப் புள்ளி பெரிதாகப் பரந்திருந்தால் பெரும்பாலும் சேவல். வரிக்கான மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று.

மற்ற அலங்கார இனங்களில் இந்த வசதி இல்லை. எனவே சேவல் வேண்டாம் என்பவர்கள் ஒரு மாதக் குஞ்சை 'ஜோடி' என்று வாங்காமல், முதுகு இறகு முளைத்த நான்கு மாதக் கோழியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே லாபம். விலை கொஞ்சம் கூடும், தூக்கம் கெடாது.

கேரளத்துக்கென்று சொந்தக் கோழியே இல்லையா என்றால், உண்டு. கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் பட்டியலில் இருப்பது கறுப்பு இறகில் நீலம் மினுங்கும் தலச்சேரிக் கோழி. அது தன் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்தது என்னவோ கொச்சியைப் பார்க்காத கொச்சின்தான்.