எந்த ஃபிரேம்வொர்க் படிக்கலாம்? அதற்கு முன் கேட்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் போதும், கணினிப் பயிற்சி மையங்களின் நோட்டீஸ்கள் ஜும்ஆ முடிந்து வெளியே வருபவர்களின் கைகளுக்கே வந்துவிடுகின்றன. "ரியாக்ட் படியுங்கள், ஆங்குலர் படியுங்கள், ஆறு மாதத்தில் வேலை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கணினித் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான்: "இதில் எதில் சேர்த்துவிட்டால் நல்லது?" கடை வைத்திருப்பவர்கள் அதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "வெப்சைட் செய்து தருபவர் லாரவெல்லில் செய்கிறேன் என்கிறார். சரியாக வருமா?"

ஃபிரேம்வொர்க் என்பது என்ன என்று புரிந்துகொண்டால் இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வீட்டுக் கல்யாணத்துக்கு விருந்து வைக்கிறோம். தேக்சா, அடுப்பு, கரண்டி எல்லாவற்றையும் வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்து வந்து கொல்லையில் சமைக்கலாம். எங்கே அடுப்பு மூட்டுவது, எப்போது பந்தி போடுவது எல்லாம் நம் இஷ்டம். மண்டபம் பிடித்துவிட்டால் கதை வேறு. சமையற்கூடம், பந்தி இடம், தண்ணீர், ஜெனரேட்டர் எல்லாம் தயாராக இருக்கும். வேலை பாதியாகக் குறையும். ஆனால் அடுப்பு இருக்கும் இடத்தில்தான் சமைக்க வேண்டும், மண்டபக்காரர் சொன்ன நேரத்தில்தான் காலி செய்ய வேண்டும். மென்பொருளில் 'லைப்ரரி' என்பது பாத்திரக் கடை, ஃபிரேம்வொர்க் என்பது மண்டபம். லைப்ரரியை நாம் எழுதும் நிரல் அழைத்து வேலை வாங்கும். ஃபிரேம்வொர்க்கிலோ ஓட்டம் அதன் கையில் இருக்கும். நாம் எழுதியதை அது தனக்கு வேண்டிய நேரத்தில் அழைத்துக்கொள்ளும். (ரியாக்டைச் செய்தவர்கள் அதை லைப்ரரி என்றுதான் சொல்கிறார்கள். வேலைச் சந்தையில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.)

மண்டபம் பிடிப்பது தவறில்லை. பயனாளரின் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சேமிப்பது, படிவத்தில் வரும் தகவலைச் சரிபார்ப்பது, தரவுத்தளத்தோடு பேசுவது போன்ற வேலைகளை அனுபவசாலிகள் பல ஆண்டுகளாகச் செய்து, தவறுகளைக் கண்டு திருத்தி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் முதலிலிருந்து நாமே எழுதுகிறோம் என்று கிளம்பினால் ஓட்டைகள்தான் மிஞ்சும். நாம் பார்க்க வேண்டியது மண்டபக்காரர் யார், எத்தனை காலம் நடத்துவார், அவர் மூடினால் நம் நிலைமை என்ன என்பவற்றைத்தான்.

ஆங்குலரின் கதையையே பார்ப்போம். கூகுள் 2010-ல் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டது. கூகுளே பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில் உலகம் முழுவதும் நிறுவனங்கள் அதில் பெரிய பெரிய செயலிகளைக் கட்டின. பயிற்சி மையங்களும் அதைக் கற்றுக்கொடுத்தன. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில், அடுத்து வரும் இரண்டாம் பதிப்பு முற்றிலும் புதிதாக எழுதப்படுகிறது என்று அதைச் செய்பவர்களே அறிவித்தார்கள். பழைய பதிப்பின் அடிப்படைக் கூறுகள் பலவற்றை நீக்கப்போவதாகவும் சொன்னார்கள். புதிய ஆங்குலர் 2016 செப்டம்பரில் வந்தது. பெயரில் ஒற்றுமை இருந்ததே தவிர, பழைய செயலியை அப்படியே அதில் ஓட்ட முடியாது. இரண்டையும் சிறிது காலம் ஒன்றாக ஓட்டிக்கொண்டே மாறுவதற்கு ஒரு வழியைக் கொடுத்தார்கள். இருந்தாலும் மாற்றி எழுதும் செலவு செயலியை வைத்திருந்தவர் தலையில்தான் விழுந்தது. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று அதிகாரபூர்வமாக முடிந்தது.

இதில் கூகுளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. ஆனால் இதைச் சோறு போடும் தொழிலாக நம்பிப் படித்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆங்குலர்ஜேஎஸ்ஸின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியையும், உலாவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சரியாகப் படித்தவருக்கு அடுத்த ஃபிரேம்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளச் சில வாரங்களோ மாதங்களோ போதுமாக இருந்தன. அதனால், பிள்ளையைச் சேர்க்கும் முன் பயிற்சி மையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: மொத்த மாதங்களில் அடிப்படை மொழிக்கு எத்தனை மாதம்? "அதெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவோம்" என்று பதில் வந்தால், கட்டணம் கட்டும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கலாம்.

படிப்பவரின் சிக்கல் இது. செயலி வைத்து நடத்துபவரின் சிக்கல் இதைவிடப் பெரியது.

ஈக்விஃபாக்ஸ் என்பது அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. நம் ஊரில் வங்கிக்குப் போனால் சிபில் பார்க்கிறார்களே, அந்த வகை நிறுவனம். வாடிக்கையாளர்கள் புகார் பதிவு செய்யும் அதன் இணையதளம் ஒன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் ஓடியது. 2017 மார்ச்சில் ஸ்ட்ரட்ஸில் ஒரு கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பராமரிப்பவர்கள் தாமதிக்கவில்லை. மார்ச் 7 அன்றே திருத்திய பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் எச்சரிக்கையும் வந்தது. 48 மணி நேரத்துக்குள் திருத்துங்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே மின்னஞ்சல் போனது. ஆனாலும் அந்தத் தளம் திருத்தப்படாமலே இருந்தது. மே மாதத்தில் திருடர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். உள்ளே வெளியே போகும் தகவலைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி, அதையும் யாரும் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். புதுப்பித்த பிறகுதான் திருட்டே கண்ணில் பட்டது. ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் மக்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியவை போய்விட்டன. 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலர் தருவதாக அந்த நிறுவனம் அரசு அமைப்புகளோடு உடன்பாட்டுக்கு வந்தது.

இதில் ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று சொல்ல முடியாது. மருந்து வந்த பிறகும் போடாமல் விட்டதுதான் தவறு. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி என்றால், மூன்று வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்ட கடை வெப்சைட்டின் கதி என்ன? அதில் நம் வாடிக்கையாளர்களின் பெயரும் கைபேசி எண்ணும் முகவரியும் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்தவை அவை.

நாம் தேர்ந்தெடுத்த ஃபிரேம்வொர்க் தனக்குக் கீழே வேறு பலவற்றை நம்பி நிற்பதையும் மறந்துவிடக் கூடாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற வெறும் 11 வரி நிரலை, ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்ட அதன் ஆசிரியர் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் அப்படியே நின்றன. சில மணி நேரத்தில் கிடங்கை நடத்துபவர்கள் அதைத் திரும்ப வைத்துச் சமாளித்தார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, அது தங்கள் மென்பொருளில் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் நாள்கணக்கில் அலைந்தன.

எனவே வெப்சைட்டோ செயலியோ செய்யக் கொடுப்பவர்கள், எந்த ஃபிரேம்வொர்க் என்பதோடு எந்தப் பதிப்பு என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். லாரவெல்லின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பது அவர்களே அறிவித்துள்ள கொள்கை. ஜாங்கோவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளுக்கு 3 ஆண்டுகள். ஆங்குலர் இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் 18 மாதம் என்கிறது. வியூவின் இரண்டாம் பதிப்புக்கு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆக, இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு முறையாவது பதிப்பை மாற்ற வேண்டிவரும். அதைச் செய்யப்போவது யார், அதற்கு எவ்வளவு என்பது முதல் நாளே பேச வேண்டிய விஷயம். பழைய பதிப்பில் புதிதாக ஒன்றைத் தொடங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காலாவதித் தேதி நெருங்கிய மருந்தை வாங்குவது போலத்தான் அது.

கடையின் முகவரி, தொலைபேசி எண், விலைப்பட்டியல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தத் தலைவலியே தேவையில்லை. சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கங்கள் போதும். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1991-ல் உருவான உலகின் முதல் இணையதளத்தின் பக்கங்களை இன்றைய கைபேசியிலும் திறந்து படிக்கலாம். ஆன்லைனில் ஆர்டர் எடுக்க வேண்டும், வாடிக்கையாளர் கணக்கு வைக்க வேண்டும் என்னும்போதுதான் ஃபிரேம்வொர்க் அவசியமாகிறது.

செய்து தருபவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நிரல் முழுவதும் நம் கைக்கு வந்துவிட்டதா? டொமைன் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் நம் பெயரில், நம் மின்னஞ்சலில் இருக்கின்றனவா? கீழே என்னென்ன லைப்ரரிகள் பயன்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் பெரும்பாலும் அந்த நிரலோடு ஒரு கோப்பாகவே இருக்கும். அதையும் சேர்த்து வாங்கி வையுங்கள். அவர் ஊரைவிட்டுப் போனாலும், வேறொருவர் அதைப் பார்த்து வேலையைத் தொடர முடியும்.