உருளைக்கிழங்கு எந்தப் பக்கம்?

‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று மலேசிய சுகாதார அமைச்சு சொல்வது சுக்குக் காப்பியைப் பற்றி அல்ல. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம். மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். வானொலியில் பத்து வினாடியில் சொல்லிவிடலாம். வாழை இலைச் சாப்பாட்டில் போட்டுப் பாருங்கள், கணக்கு உதைக்கும்.

நடுவில் மலை போல் சோறு. மேலே மூன்று கரண்டி காய்கறி, அதில் ஒன்று உருளைக்கிழங்குப் பிரட்டல். அதையும் காய்கறிக் கணக்கில்தான் வைக்கிறோம். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சோற்றுப் பக்கம்தான் சேரும். மரவள்ளியும் அப்படியே. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகள் அரைப் பங்கை நிரப்பாது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம்.

அதற்காக வாழை இலையை விட்டுவிட வேண்டாம். “அண்ணே, சோறு போதும், கோஸ் இன்னும் கொஞ்சம் வைங்க” என்று கேளுங்கள். பல கடைகளில் மறுக்க மாட்டார்கள். வீட்டில் கங்கோங், வெண்டைக்காய், தவ்கே, எது மலிவோ அதை முதலில் தட்டில் வையுங்கள். சோறு கடைசியில். ரசத்துக்கென்று இன்னொரு கை சோறு வேண்டுமா? அதையும் அந்தக் கால் பங்கிலிருந்தே ஒதுக்க வேண்டும்.