உட்காரும் முறையும் உடல் நோவும்

பகலெல்லாம் கந்தோரில் எழுதும் எழுதுவினைஞரும், தையற் பொறியின்முன் குனிந்திருக்கும் பெண்ணும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும் மாலையானதும் ஒரே முறைப்பாட்டைச் சொல்வர்: நாரி நோகின்றது; பிடரி இறுகுகின்றது. பாரம் எதுவும் தூக்காதவர்க்கு இந்நோவு எங்கிருந்து வந்தது?

நம் முள்ளந்தண்டின் என்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுக்கள் 23 உள்ளன. வளர்ந்தோரில் இவற்றின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அயலிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தாலேயே அவை வாழ்கின்றன. நிற்கும்போதும் அமரும்போதும் அமுக்கத்தால் அவற்றின் நீர் கசிந்து வெளியேறும்; படுக்கும்போது மீண்டும் உட்புகும். காலையிலும் பார்க்க மாலையில் நம் உயரம் ஒரு சென்ரிமீற்றரளவு குறைந்திருப்பது இதனாலேயே.

1960ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ஃப் நக்கெம்சன் இத்தட்டுக்களின் அமுக்கத்தை ஊசி செலுத்தி அளந்தார். நிற்பதிலும் பார்க்க அமர்வதால் அமுக்கம் மிகுகின்றது என்பது அவர் கண்ட முடிவு. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர் சிலர் ஒருவரின் தட்டினுள் நுண்கருவியொன்றை வைத்து அளந்தபோது, அம்முடிவு ஓரளவு திருத்தம் பெற்றது. முன்புறம் குனிந்து அமர்கையில் அமுக்கம் ஏறியது. முதுகைச் சாய்த்துத் தளர்வாக அமர்கையில் அது நிற்பதிலும் குறைந்தது. ஆகவே, சாய்ந்திருப்பதைச் சோம்பல் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

எனினும், எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் தீங்கே. விறைத்து நிமிர்ந்திருப்பவரின் தசைகளும் ஓய்வின்றி இழுபட்டுக் களைத்துப்போகின்றன.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? பாதங்கள் நிலத்திற் பதியட்டும். கதிரை உயரமாயின் காலடியில் ஒரு பலகையை இடுக. நாரியின் வளைவிற் சுருட்டிய துவாயொன்றை வைத்துச் சாய்ந்துகொள்க. புத்தகத்தையோ கணினித் திரையையோ கண்ணுக்கு நேராக உயர்த்துக. அரை மணிக்கொரு முறை எழுந்து சில அடிகள் நடவுங்கள். சம்மணமிட்டு இருப்போரும் காலை மாற்றி மாற்றி மடக்குதல் நன்று.

நோவுடன் கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாது போனாலோ, தாமதியாது வைத்தியரை நாடுக. ஏனைய நாரி நோவுகளிற் பெரும்பாலானவை சில வாரங்களில் தணிவன. அஞ்சிப் படுக்கையில் முடங்காது, இயன்றவரை நடமாடுவதே அவற்றிற்கு ஏற்ற மருந்து.