உரம் வேண்டாம், தினமும் தண்ணீர் வேண்டாம்... மொட்டை மாடியில் தும்பை வளர்ப்பது எப்படி?

வேட்டி பளிச்னு இருந்தா 'தும்பைப்பூ மாதிரி இருக்கு'ன்னு சொல்வோம். அந்தப் பூவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தெருமுனைக் காலி மனையில் அடுக்குமாடி வந்தபோதே தும்பையும் போய்விட்டது. தொல்காப்பியத்தில் ஒரு போர்த் திணைக்கே இதன் பெயர்தான். இன்றைக்கோ பலருக்கு இது வெறும் களை!

துளசி குடும்பத்துச் செடி இது. தண்டைத் தொட்டுப் பாருங்கள், அதேபோல் சதுரமாக இருக்கும். மழைக்கு முளைத்து, பூத்து, விதை போட்டு, வெயிலில் காய்ந்துவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள். காய்ந்ததும் 'நாமதான் கொன்னுட்டோமோ'ன்னு பதற வேண்டாம்.

விதைக்கு எங்கே போவது?

நர்சரியில் பெரும்பாலும் கிடைக்காது. ஊருக்குப் போகும்போது வரப்போரம் தேடுங்கள். கணுவில் உருண்டையாகக் காய்ந்திருக்கும் பூங்கொத்தைக் காகிதத்தில் கவிழ்த்துத் தட்டினால், பழுப்பு நிறப் பொடி விதைகள் கொட்டும். இரண்டு, மூன்று செடிகளில் எடுத்தால் போதும். மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால், புரட்டாசிக் கடைசியில் விதைக்கலாம். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். அடியில் ஓட்டையுள்ள அகலமான தொட்டியில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல். விதையை மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது. முளைத்தபின் ஓர் அடி அகலத் தொட்டிக்கு மூன்று, நான்கு செடிகளை மட்டும் விடுங்கள்.

முதல் தடவை நான் சொதப்பியது தண்ணீரில்தான். ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். மண்புழு உரமும் போட்டேன். செடி தளதளன்னு வளர்ந்து சாய்ந்தது. பூ எண்ணி ஏழோ எட்டோ. அடுத்த அடைமழையில் வேரே அழுகிப்போச்சு. மறுவருஷம் உரமே இல்லை. விரலை விட்டுப் பார்த்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். முழங்கால் உயரம்கூட இல்லாத செடியில் கணுவுக்குக் கணு வெள்ளை! காலையில் தேனீயும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளும் வரிசை கட்டின.

(யூடியூப் பார்த்துவிட்டு இலையைப் பறித்துச் சாறு குடிக்கக் கிளம்பாதீர்கள். அதை மருத்துவரிடம் கேளுங்கள்.)

செடி காய்ந்தபின் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். விதைகள் அதில்தான் கிடக்கின்றன, அடுத்த மழைக்கு முளைக்கும். முக்கியமாக, மாடியைச் சுத்தம் செய்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். எங்கள் மாடியில் ஒரு தொட்டி, களைன்னு நினைச்சு அப்படித்தான் காலியானது.