வீட்டைத் தின்னும் காளான்!

பார்த்தால் பலகை. அழுத்தினால் தூள்!

இங்கிலாந்தில் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களை நடுங்க வைக்கும் ஒரு காளான் இருக்கிறது. அது தரைப் பலகையைத் தின்னும். படிக்கட்டைத் தின்னும். கூரையைத் தாங்கும் உத்தரத்தையும் விடாது. வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே மரம் இற்றுப் போயிருக்கும். ஒரு நாள் காலை வைத்தால், பலகை உடைந்து கால் உள்ளே போய்விடும்!

கண்ணீர் விடும் காளான்

இந்தக் காளானின் விஞ்ஞானப் பெயர் 'செர்புலா லாக்ரிமான்ஸ்'. 'லாக்ரிமான்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குக் 'கண்ணீர் விடுவது' என்று பொருள். வளரும்போது இதன் மேல் நீர்த் துளிகள் அரும்பி நிற்கும். அதனால் வந்த பெயர் இது. 1781-ம் ஆண்டில் இதைப் பற்றி விவரித்து எழுதியவர், ஆஸ்திரிய நாட்டுத் தாவர அறிஞர் வுல்பென்.

காளான் வித்துகள் காற்றில் மிதந்து வருகின்றன. காய்ந்த மரத்தில் விழுந்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஈர மரத்தில் விழுந்தால் முளைத்துவிடும். மெல்லிய இழைகள் மரத்துக்குள் இறங்கும். மரத்துக்கு வலுத் தரும் பொருளைத் தின்றுவிடும். மிஞ்சுவது பழுப்பு நிறச் சக்கைதான். அது உலர்ந்து உதிரும். அதனால் ஆங்கிலேயர் இந்த நோய்க்கு 'உலர்ந்த அழுகல்' என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் உலர்ந்தது, ஈரம் இல்லாமல் இது உயிர் பிடிக்காது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பல வீடுகளின் கூரை சிதைந்தது. மழை நீர் உள்ளே இறங்கியது. பின்னாலேயே இந்தக் காளானும் பரவியது.

கண்டுபிடிப்பது எப்படி?

மூடிய அறையில் காளான் வாடை வீசும். மரம் குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சிறு சிறு கட்டங்களாகப் பிளந்திருக்கும். பஞ்சு போன்ற வெள்ளைப் படலம் தெரியும். துருப்பிடித்தது போன்ற செந்தூள் படிந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு திருப்புளியால் மரத்தைக் குத்திப் பார்க்கலாம். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கெட்ட மரத்தில் திருப்புளி 'பொசுக்'கென்று இறங்கும்.

இந்தக் காளானின் இழைகள் செங்கல் சுவரையும் கடந்து செல்லும். ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள மரத்தையும் பார்க்க வேண்டும்.

வைத்தியம் என்ன?

மருந்துக்கு ஓடுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உடைந்த ஓடா? ஒழுகும் குழாயா? அடைபட்ட தூம்பா? முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். காற்றோட்டம் கொடுத்து மரத்தையும் சுவரையும் உலர விட வேண்டும். மரத்தில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் காளான் வளராது.

பிறகு, கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதை ஒட்டியுள்ள மரத்திலும் கொஞ்சம் சேர்த்து வெட்டுவது நல்லது. அந்த இடத்தில், நன்றாக உலர்ந்த, மருந்து ஏற்றிய மரத்தைப் பொருத்தலாம். உத்தரம் கெட்டிருந்தால் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கூரை தலையில் விழும்!

நம் வீட்டில்?

கண்ணீர்க் காளான் குளிர் விரும்பி. நம் ஊர் வெயில் அதற்கு ஆகாது. ஆனால் சூட்டைத் தாங்கும் வேறு காளான்கள் உண்டு. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே உள்ள கைமரம், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை ஆகியவை அவற்றுக்குப் பிடித்த இடங்கள்.

கெட்ட மரத்தின் மேல் வர்ணம் பூசினால் நோய் மறையும், தீராது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டு மரங்களைத் தட்டிப் பாருங்கள், குத்திப் பாருங்கள். ஓர் ஓட்டை மாற்ற ஆகும் செலவு அற்பம். அதை மாற்றாமல் விட்டால், கூரையையே மாற்ற வேண்டி வரும்!