துறையும் களமும்: சிகாகோ பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையின் அமைப்பும் தமிழக அரசியல் ஆய்வும்

முன்னுரை

தமிழக அரசியலை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் தவறாது எடுத்தாளும் ஆங்கில நூல்கள் சில உள. லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் இணையரின் ‘மரபின் நவீனத்தன்மை’ (1967), இராபர்ட் ஹார்டுகிரேவின் ‘தமிழ்நாட்டு நாடார்கள்’ (1969), மார்கெரீட் ராஸ் பார்னெட்டின் ‘தென்னிந்தியாவில் பண்பாட்டுத் தேசியத்தின் அரசியல்’ (1976) ஆகியன அவற்றுள் முதன்மையானவை. மூன்றும் மூன்று வேறு பதிப்பகங்களின் வெளியீடுகள். ஆய்வுப்பொருளும் வேறு வேறு. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான ஓர் இடம் உண்டு. ருடால்ஃப் இணையர் சிகாகோ பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையின் பேராசிரியர்கள்; ஏனைய இருவரும் அத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

வாக்காளர் எண்ணிக்கையையும் நகராட்சி நிருவாகத்தையும் ஆராய்ந்து பெயர்பெற்ற ஓர் அமெரிக்கத் துறை, வன்னியர் சங்கத்தையும் நாடார் உறவின்முறையையும் திராவிட இயக்கத்தையும் எவ்வாறு தன் ஆய்வுப்பொருளாக்கியது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தனிமனிதர் ஆர்வம் இதற்கு ஒரு காரணமே. அத்துறை அமைக்கப்பட்டிருந்த முறை, பிற துறைகளோடு அது கொண்டிருந்த உறவு ஆகியவற்றைக் காணாமல் இவ்வினாவுக்கு முழுமையான விடை காண இயலாது.

நகரமே ஆய்வுக்கூடம்

ராக்ஃபெல்லரின் நன்கொடையால் நிறுவப்பெற்ற சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அரசியல் அறிவியல் துறைக்கு முதலில் தலைமையேற்ற ஹாரி பிராட் ஜட்சன், 1907-இல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அக்காலத்தில் இப்பாடம் அரசமைப்புச் சட்டம், அரசின் கோட்பாடு, பன்னாட்டுச் சட்டம் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்திருந்தது. நூலகத்தை விட்டு வெளியேற வேண்டிய தேவை ஆய்வாளருக்கு அரிதாகவே எழுந்தது.

இந்நிலையை மாற்றியவர் சார்லஸ் மெரியம். 1900-இல் துறையில் சேர்ந்த அவர் ஏட்டுக்கல்வியோடு நின்றவர் அல்லர். சிகாகோ நகர்மன்றத்தின் உறுப்பினராக இருந்தவர். 1911-இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். வட்டாரத் தலைவர்கள் வாக்குகளைத் திரட்டும் விதத்தை நேரில் கண்ட ஒருவர் துறைத்தலைமையை ஏற்றபோது, துறையின் வினாக்களும் தெருவுக்கு இறங்கின.

1923-ஆம் ஆண்டு மேயர் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே வாக்களித்தனர். எஞ்சியோர் ஏன் வரவில்லை? மெரியமும் அவருடைய மாணவரான ஹெரால்ட் காஸ்னெலும் சுமார் 6,000 பேரிடம் இவ்வினாவைக் கொண்டுசென்றனர். வீடு வீடாகச் சென்று விடைகளைத் திரட்டிய பணியில் முதுநிலை மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். 1924-இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு பொதுவான அக்கறையின்மை, நோய், ஊரில் இல்லாமை முதலியவற்றோடு, பெண்கள் வாக்களிப்பதில் நம்பிக்கையின்மை என்பதையும் தனிக் காரணமாக வகைப்படுத்தியது. வாக்குரிமை சட்டத்தில் கிடைத்துவிட்ட பின்னரும் வீட்டுக்குள் கிடைக்கவில்லை என்பதைச் சட்டநூல் ஆராய்ச்சி கண்டறிந்திருக்க முடியாது.

அடுத்து காஸ்னெல் நிகழ்த்திய ஆய்வு மேலும் துணிச்சலானது. 1924 குடியரசுத் தலைவர் தேர்தலையும் 1925 நகர்மன்றத் தேர்தலையும் ஒட்டி, ஒரு பகுதி வாக்காளர்க்கு மட்டும் வாக்களிக்க வேண்டும் என்னும் அறிவிப்புகளை அஞ்சலில் அனுப்பினார்; அதே பகுதிகளில் வாழ்ந்த மற்றொரு பகுதியினர்க்கு எதனையும் அனுப்பவில்லை. இரு குழுவினரின் வாக்களிப்பையும் ஒப்பிட்டபோது, பரபரப்பு மிகுந்த தேசியத் தேர்தலைவிட உள்ளூர்த் தேர்தலிலேயே அறிவிப்பின் விளைவு மிகுந்திருந்தது. அரசியல் அறிவியலில் நிகழ்ந்த தொடக்ககாலக் களச்சோதனையாக இது இன்றும் கற்பிக்கப்படுகிறது. தமிழாய்வாளர் இதில் நோக்கத்தக்க செய்தி மற்றொன்று. அவ்வறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்படவில்லை. குடியேறிய மக்களின் பொருட்டுப் போலிஷ், செக், இத்தாலிய மொழிகளிலும் அச்சிடப்பட்டன. மக்களின் மொழியை அறியாமல் அவர்தம் அரசியலை அறிய இயலாது என்னும் உணர்வு, பெயரிடப்படாமலே, அங்குத் தொடங்கிவிட்டது எனலாம்.

குழுக்களும் கட்டடமும்

இத்தகைய ஆய்வுகளுக்குப் பணமும் ஆளும் வேண்டும். 1923-இல் உருவான உள்ளூர்ச் சமூக ஆய்வுக்குழு, சமூகவியல், பொருளியல், அரசியல் அறிவியல் முதலிய துறைகளின் நகர ஆய்வுகளுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதியைப் பகிர்ந்தளித்தது. நிதி தனித்துறைக்கு வழங்கப்படாமல் துறைகள் கூடிய குழுவுக்கு வழங்கப்பட்டமை கருதத்தக்கது. பக்கத்துத் துறையோடு பேசாதவர்க்கு இவ்வேற்பாட்டில் இடம் குறைவு. அதே ஆண்டில் தேசிய அளவில் சமூக அறிவியல் ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டதிலும் மெரியமின் பங்கு முதன்மையானது. 1929-இல் திறக்கப்பட்ட சமூக அறிவியல் ஆய்வுக் கட்டடம் இத்துறைகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. அளந்து எண்ணால் கூற இயலாத அறிவு குறையறிவே என்னும் பொருள்பட இயற்பியலறிஞர் கெல்வின் கூறிய கருத்து அக்கட்டடத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டது. ஒரு காலத்தின் நம்பிக்கையைக் கல்லில் வெட்டி வைத்தால் பின்வரும் தலைமுறையினர் அதனோடு வழக்காட நேரும். சிகாகோவிலும் அவ்வாறே நேர்ந்தது.

துறைக்குள் பணி பகுக்கப்பட்டிருந்தது. லியோனார்ட் வைட் பொது நிருவாகத்தைக் கவனித்தார். 1926-இல் வெளிவந்த அவரது நூல் அப்பாடத்தின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. குவின்சி ரைட் போரைப் பற்றிய நெடிய கூட்டாய்வை நடத்தி 1942-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஹெரால்ட் லாஸ்வெல் முதல் உலகப்போரின் பரப்புரையை ஆராய்ந்து, பின்னர் உளவியலை அரசியல் ஆய்வுக்குள் கொணர்ந்தார். மாணவர் வரிசையும் குறிப்பிடத்தக்கது. வி. ஓ. கீ, கேப்ரியல் ஆல்மண்ட், டேவிட் ட்ரூமன், 1978-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களே.

இவ்வமைப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1929-இல் பல்கலைக்கழகத் தலைமையேற்ற இராபர்ட் ஹட்சின்ஸ் செவ்வியல் நூல்களையும் முதற்கோட்பாடுகளையும் போற்றியவர். எண்ணித் தொகுக்கும் சமூக ஆய்வில் அவருக்குப் பற்றில்லை. லாஸ்வெல் 1938-இல் வெளியேறினார். மெரியம் 1940-இல் ஓய்வு பெற்றார். காஸ்னெலும் பின்னர் வாஷிங்டன் சென்றார். ஒருவரைச் சுற்றி எழுந்த துறை, அவர் விலகியபோது அவ்வடிவத்தை இழந்தது. அவ்விடத்தில் எழுந்தது ஒரே கொள்கையுடைய துறை அன்று. ஹான்ஸ் மார்கந்தாவ், லியோ ஸ்ட்ராஸ், டேவிட் ஈஸ்டன் என ஒருவரோடொருவர் உடன்படாத மூவர் ஒரே காலத்தில் அங்குக் கற்பித்தனர். மெரியமின் மரபை ஸ்ட்ராஸ் கடுமையாக மறுத்தவர். இப்பன்மையே புறத்திலிருந்து வரும் பொருள்களுக்கு இடமளித்தது எனக் கருத வாய்ப்புண்டு.

மொழித்துறையின் அண்மை

தமிழகம் இத்துறைக்குள் வந்த வழி மொழிக்கல்வியோடு பிணைந்தது. 1958-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிய மொழிகளைக் கற்பிக்க நிதி வழங்கியது. பனிப்போர்க்கால நோக்கம் அதன் பின்னணியில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்காக ரூபாயாகச் சேர்ந்த தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் நூல்களும் இதழ்களும் சிகாகோ நூலகத்தைச் சென்றடைந்தது இவ்வழியில்தான். 1960-களின் தொடக்கத்திலிருந்து ஏ. கே. இராமானுஜன் அங்குத் தமிழ் கற்பித்தார். குறுந்தொகைப் பாடல்களின் அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த 1967-ஆம் ஆண்டிலேயே ருடால்ஃப் இணையரின் நூலும் வெளிவந்தது. தமிழகத்தில் ஆட்சி மாறியதும் அவ்வாண்டே. தென்னாசிய ஆய்வுக்கெனத் துறைகள் கடந்த குழு ஒன்று முன்னரே இயங்கிவந்தமையால், அரசியல் அறிவியல் மாணவர் ஒருவர் மானிடவியலார், மொழியியலார் ஆகியோரின் வகுப்புகளிலும் அமர இயன்றது.

ருடால்ஃப் இணையர் ஹார்வர்டிலிருந்து சிகாகோவுக்கு வந்தது 1964-இல். ஆயினும் சென்னை மாநிலத்தோடு அவர்தம் தொடர்பு அதற்கு முந்தியது. அங்கு நிகழ்த்திய கருத்தாய்வின் கள அனுபவத்தை 1958-இல் ஓர் ஆய்விதழில் எழுதினர். ஆங்கிலத்தில் ஆக்கிய வினாக்களைத் தமிழில் பெயர்ப்பதன் இடர்ப்பாடும், ஒருவரைத் தனியே அமர்த்தி அவர் கருத்தைக் கேட்பது என்னும் முறை கிராமச் சூழலில் எதிர்கொண்ட சிக்கலும் அக்கட்டுரையின் பொருள்கள். சிகாகோ நகரத்தில் 1923-இல் எளிதாகத் தோன்றிய ‘ஒரு வாக்காளர், ஒரு கருத்து’ என்னும் அலகு, இங்கு வினாவாக மாறியது.

1960-இல் அவர்கள் சாதிச் சங்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கும் பின்னர் வந்த நூலுக்கும் தமிழகமே முதன்மைச் சான்றாயிற்று. 1952 தேர்தலில் வன்னியரிடையே எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. சாதி என்பது மக்களாட்சியால் கரைந்துவிடும் பழமை என்னும் அக்காலப் பொதுக்கருத்தை இணையர் ஏற்கவில்லை. சாதிச் சங்கம் உறுப்பினர், பொறுப்பாளர், தீர்மானம், மாநாடு என்னும் வடிவங்களை மேற்கொள்ளும்போது தன்னார்வ அமைப்பின் இயல்பையும் பெறுகிறது என வாதிட்டனர். இவ்வாதம் சங்கத்துக்குள் பேச இடமில்லாதோரை, குறிப்பாகப் பெண்களையும் வறியோரையும், போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்னும் குறை இன்றைய நோக்கில் தெளிவாகத் தோன்றுகிறது.

ஹார்டுகிரேவின் நூல் இதனினும் நுணுக்கமானது. சிவகாசி, விருதுநகர் முதலிய ஊர்களில் வணிகத்தின் பொருட்டு எழுந்த பேட்டைகள், உறவின்முறை என்னும் ஊரமைப்பு, விற்பனைப் பொருள்மீது தாமே விதித்துக்கொண்ட மகமை ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் இவ்வடித்தளத்தின்மீது எழுந்தது. அச்சமூகத்தில் செல்வ வேறுபாடு மிக மிக, ஒரே தொகுதியாக வாக்களிக்கும் நிலை தளர்ந்தது என்பதும் அவர் முடிபு. உறவின்முறை, மகமை ஆகிய சொற்களை மொழிபெயர்க்காமல் அவர் அப்படியே ஆண்டமை கருதத்தக்கது. ‘சங்கம்’, ‘வரி’ என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களால் அவற்றைப் பெயர்த்திருந்தால் ஆய்வின் மையமே நழுவியிருக்கும்.

பார்னெட் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1972-இல் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, 1990-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். சமூகச் சீர்திருத்தத்தை முன்னிறுத்திய பெரியாரின் இயக்கத்துக்கும் தமிழ்ப் பண்பாட்டுத் தேசியத்தை முன்னிறுத்திய தி.மு.க.வுக்கும் இடையிலான இழுவிசையை அவர் நூல் ஆராய்கிறது. மொழிப்பற்றை வெறும் உணர்ச்சியெனத் தள்ளாமல் அரசியலை உருவாக்கும் ஆற்றலாகக் கொண்டமையே அந்நூலின் வலிமை.

பயிலரங்கு முறை

1980-களில் பல்கலைக்கழகம் பட்டமேற்படிப்புப் பயிலரங்குகளை முறைப்படுத்தியது. அரசியற் கோட்பாடு, ஒப்பியல் அரசியல், பன்னாட்டு அரசியல் என ஒவ்வொரு பிரிவுக்கும் பயிலரங்கு உண்டு. கட்டுரை முன்கூட்டியே அனுப்பப்படும். அனைவரும் படித்துவிட்டு வருவர். எழுதியவர் அதனை அவையில் படிப்பதில்லை. ஒருவர் திறனாய்வுரை வழங்க, எஞ்சிய நேரம் முழுதும் வினாவிடை. முடிவுறாத ஆய்வேட்டின் ஓர் இயலே பெரும்பாலும் விவாதிக்கப்படுவதால், குறைகளைத் திருத்தக் காலம் எஞ்சியிருக்கும். பத்து நிமிடத்தில் கட்டுரையைப் படித்துச் சான்றிதழ் பெற்று ஊர் திரும்பும் நம் கருத்தரங்குகளோடு இதனை ஒப்பிடும்போது, வேறுபாடு நிதியைவிட நேரத்தைப் பகிரும் முறையிலேயே உள்ளது என்பது புலனாகும். வேறு துறையினரும் இப்பயிலரங்குகளில் அமரலாம்.

2000-ஆம் ஆண்டில், அமெரிக்க அரசியல் அறிவியலில் புள்ளியியலும் கணித மாதிரிகளும் பெற்றிருந்த மேலாண்மையை எதிர்த்துப் பெயரிடப்படாத ஒரு மடல் ஆய்வாளரிடையே பரவியது. அதையொட்டி எழுந்த ‘பெரஸ்த்ரோய்க்கா’ இயக்கத்துக்கு ருடால்ஃப் இணையர் ஆதரவளித்தனர். சூசன் ருடால்ஃப் 2003–04-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். அவரது தலைமையுரை, ‘கருத்தினங்களின் ஏகாதிபத்தியம்’ எனப் பொருள்படும் தலைப்பில் 2005-இல் அச்சேறியது. ஓரிடத்தில் பிறந்த ஆய்வுக் கருத்தினங்களை எவ்விடத்துக்கும் உரியனவாகக் கொள்ளும் போக்கே அவ்வுரையின் பொருள். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் சென்னை மாநிலத்தில் தாமும் தம் கணவரும் வினாநிரலோடு நடத்திய அந்தக் கருத்தாய்வு.