அந்த அடி யாருக்கு வலிக்குது?

லாக்கப், ஜெயில் படங்கள்ல இவ்வளவு ரத்தம் தேவையாங்கிறதுதான் இந்த எபிசோட். எனக்கு ஊர் சங்கரன்கோவில். அங்கேருந்து கழுகுமலை வழியா பஸ் பிடிச்சா கோவில்பட்டி. 2020 ஜூன்ல சாத்தான்குளம் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் அடைச்சது அந்தக் கோவில்பட்டி கிளைச் சிறையிலதான். அதனால இதை வெறும் சினிமாக் கேள்வியா என்னால பார்க்க முடியல.

'விசாரணை'யை எடுத்துக்கோங்க. வெற்றிமாறன் இயக்கி 2016-ல தியேட்டருக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் போலீஸ்கிட்ட தான் பட்டதை வச்சு எழுதின 'லாக்கப்' நாவல்தான் அடிப்படை. பிழைக்கப் போன பசங்களைப் பிடிச்சு அடிக்கிறாங்க. என்ன கேஸுன்னு அவங்களுக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. அந்த அடியை வெட்டிட்டு, "ரொம்பக் கொடுமைப்படுத்தினாங்க"ன்னு ஒரு வசனம் வச்சிருந்தா என்ன ஆகும்? செய்யாத திருட்டை ஒருத்தன் ஏன் ஒத்துக்கிறான்னு நமக்கு விளங்கவே விளங்காது. கதையே அதுதானே!

இதுல சட்டம் ஒரு வேடிக்கை. போலீஸ்கிட்ட கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாதுன்னு 1872 சாட்சியச் சட்டமே சொல்லிருச்சு. அப்புறம் ஏன் அடிக்கிறாங்க? அவன் சொன்னதை வச்சு ஒரு பொருளைக் கண்டுபிடிச்சா, அது தொடர்பா அவன் சொன்ன பகுதி மட்டும் செல்லும். அந்தச் சந்துக்குள்ளதான் லத்தி நுழையுது.

'ஜெயிலர்' வேற கணக்கு. முத்துவேல் பாண்டியன் வாளை வீசுறாரு, தலை தனியாப் போகுது, அனிருத் மியூசிக், ஒரே விசில். அங்க யாருக்கும் வலிக்கல. வலிக்கக் கூடாதுன்னுதான் அப்படி எடுக்கிறாங்க. திருவிழாவுல வாணவேடிக்கை பார்க்கிற மாதிரி அது. அதோட எனக்குப் பெரிய சண்டை இல்ல.

எனக்குப் பயம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற போலீஸ் ஹீரோ படங்கள் மேலதான். அங்க ரத்தம் கம்மியாத்தான் இருக்கும். ஆனா லாக்கப்ல அடி விழும்போது நம்ம கை தட்டும். சாத்தான்குளத்துக்கு அப்புறம் 'சிங்கம்' இயக்குநர் ஹரி, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததுக்கு வேதனைப்படுறதா அறிக்கையே விட்டாரு. சென்சார் போர்டு கொடுக்கிற யு/ஏ, ஏ எல்லாம் ரத்தத்தை அளக்கும். கை தட்டலை எதை வச்சு அளக்கிறது?

அதுக்காக வெற்றிமாறன் காட்டுற எல்லாத்துக்கும் நான் தலையாட்ட மாட்டேன். 'விடுதலை' முதல் பாகத்துல (2023) பெண்களை நிர்வாணமாக்கிச் சித்திரவதை பண்றதையும், குமரேசன் ஓடுற ஓட்டத்தையும் மாத்தி மாத்திக் காட்டுறாரு. அவன் பிடிச்சுருவானா, மாட்டானாங்கிற பரபரப்புக்கு அந்தப் பெண்களோட உடம்பு கடிகார முள்ளு மாதிரி ஆயிருது. நடந்த கொடுமைதான், சரி. ஆனா முதல் முறை காட்டும்போதே நமக்குப் புரிஞ்சுருச்சே. திரும்பத் திரும்ப அங்கேயே கேமரா போறது யாருக்காக?